பழைய குடும்பப் படத்தைக் கலையாகப் பார்ப்பது எப்படி? ஸ்டுடியோ காலத்துப் படங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய குடும்பப் படம் ஒன்று கைக்கு வந்ததும் நாம் முகங்களைத்தான் தேடுகிறோம். இது யார், அது யார், மடியில் இருக்கும் குழந்தை எந்த அத்தை என்று கேட்டு முடித்தவுடன் படம் மறுபடியும் சுவருக்கோ பரணுக்கோ போய்விடுகிறது. உறவைத் தேடுவது இயல்புதான். ஆனால் அந்தப் படத்தைச் செய்தவர் ஒருவர் இருந்தார். ஒளியை வளைத்தார், ஆட்களை நிறுத்தினார், படம் பதிந்த கண்ணாடித் தகட்டின்மேல் பென்சிலால் மணிக்கணக்கில் வேலை செய்தார். அவருடைய கை எங்கெல்லாம் பட்டிருக்கிறது என்று நாம் தேடுவதே இல்லை. இது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் தற்செயலாக அமைந்தது மிகக் குறைவு. பெரும்பாலானவை ஒருவர் யோசித்து முடிவு செய்தவை. அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வழிகாட்டி, 1890 முதல் 1960 வரை தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் எடுக்கப்பட்ட குடும்பப் படங்களை மனத்தில் வைத்து எழுதியது. கொழும்பிலோ ரங்கூனிலோ பினாங்கிலோ எடுத்து ஊருக்கு அனுப்பிய படங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. படத்தைக் கீழே இறக்குங்கள்

நம் வீடுகளில் படங்கள் உயரத்தில், முன்பக்கம் சாய்ந்தபடி தொங்குகின்றன. அந்தக் கோணத்தில் கும்பிடலாம், ஆராய முடியாது. இறக்கி, சுத்தமான துணி விரித்த மேசைமேல் வையுங்கள். கை உலர்ந்திருக்கட்டும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். தண்ணீரோ திரவமோ தெளித்தால் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே போய்விடும்.

படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். ஈரக் காற்றில், உருவத்தைத் தாங்கியிருக்கும் ஜெலட்டின் படலம் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகமே உரிந்து வரும். அப்படியே வைத்துப் பார்த்தால் போதும்.

தேவையான கருவிகள் இரண்டு: ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சிறிய டார்ச் விளக்கு. விளக்கை மேலிருந்து அடிக்காமல், படத்தின் பக்கவாட்டில் தாழப் பிடித்து, ஒளி மேற்பரப்பை உரசிச் செல்லும்படி வையுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் தூரிகைத் தடங்களும் கீறல்களும் அப்போதுதான் எழுந்து நிற்கும்.

2. தலைகீழாகத் திருப்புங்கள்

முகங்களைப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்வேன். பெரிய மரக் கேமராவின் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தவருக்கு, தேய்த்த கண்ணாடியில் உருவம் தலைகீழாக, இடவலம் மாறித் தெரிந்தது. நீங்கள் படத்தை அரைவட்டம் சுற்றி வைத்தால் ஏறக்குறைய அவர் கண்ட காட்சியே உங்கள் முன் இருக்கும்.

இப்படிப் பார்க்கும்போது தாத்தா தாத்தாவாக இருக்க மாட்டார். கறுப்பும் வெள்ளையும் எங்கெங்கே குவிந்திருக்கின்றன, எந்தப் பக்கம் கனக்கிறது, தலைகளின் வரிசை நேர்கோடா, மலையுச்சிபோல ஏறி இறங்குகிறதா என்பது மட்டுமே தெரியும். அவர் அமைத்தது அதைத்தான். சில நிமிடம் இப்படிப் பார்த்துவிட்டு நேராகத் திருப்புங்கள். அதற்குப் பிறகு அந்தப் படம் உங்களுக்குப் பழைய மாதிரி தெரியாது.

3. எந்தத் தாள் என்று பாருங்கள்

காலத்தைக் கணிக்க ஆடையை மட்டும் நம்பக் கூடாது, தாளும் சொல்லும். சுமார் 1900 வரை பெரும்பாலான படங்கள் முட்டை வெண்கரு பூசிய ஆல்புமன் தாளில் அச்சாயின. தாள் மிக மெல்லியது என்பதால் தடித்த அட்டையில் ஒட்டியிருப்பார்கள். நிறம் பழுப்பு அல்லது ஊதா கலந்த பழுப்பு; வெண்மையான இடங்கள் மஞ்சளித்திருக்கும். பூதக்கண்ணாடியில் தாளின் நார்கள் தெரியும்.

பின்னர் வந்த ஜெலட்டின் தாளில் நார் தெரியாது, ஏனென்றால் நடுவே பேரியம் சல்பேட் கலந்த வெள்ளைப் பூச்சு இருக்கிறது. அதன் முதுமைக்கு ஓர் அழகான அடையாளம் உண்டு. கறுப்பான பகுதிகளில், குறிப்பாக ஓரங்களில், நீலம் கலந்த உலோகப் பளபளப்பு படர்ந்திருக்கும். வெள்ளித் துகள்கள் மேற்பரப்புக்கு வந்துவிட்டதன் விளைவு அது. அழுக்கென்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

அளவும் பேசும். அட்டை 6க்கு 10 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் கார்த் தெ விசித் என்ற வகை. பிரெஞ்சுக்காரரான திஸ்தேரி 1854இல் காப்புரிமை பெற்றது. 11க்கு 16.5 என்றால் கேபினட். ஃபுல் பிளேட் என்று பெரியவர்கள் சொல்வது ஆறரைக்கு எட்டரை அங்குலம். அந்த அளவுப் படம் பெரும்பாலும் அதே அளவு நெகட்டிவை (ஒளியும் இருளும் மாறிப் பதிந்த மூலத் தகட்டை) தாளோடு நேரடியாக அழுத்தி எடுத்த பிரதி. பெரிதாக்கும் கருவி நடுவில் இல்லை. அதனால்தான் புடவைக் கரையின் நெசவையும் காதுத் தோட்டின் கற்களையும் பூதக்கண்ணாடியில் எண்ண முடிகிறது. இன்றைய கைப்பேசிப் படத்தை அவ்வளவு பெரிதாக்கிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

4. ஒளி எங்கிருந்து வருகிறது?

இங்கே நிதானமாக நில்லுங்கள். உருவப்படக் கலையின் உயிர் ஒளிதான்.

முதலில் மூக்கின் நிழலைத் தேடுங்கள். அது எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒளி. பிறகு கண்மணியில் இருக்கும் வெள்ளைப் புள்ளியைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். சதுரமாகவோ பட்டையாகவோ இருந்தால் ஜன்னல் அல்லது கண்ணாடிக் கூரை; சிறிய வட்டமாக இருந்தால் மின்விளக்கு. ஒரே கண்ணில் இரண்டு மூன்று புள்ளிகள் இருந்தால் அத்தனை விளக்குகள். அந்த அறை எப்படி இருந்தது என்று அந்தக் கண்களே உங்களுக்குக் காட்டிவிடுகின்றன.

மின்விளக்கு பரவும் முன் ஸ்டுடியோவின் கூரையிலோ சுவரிலோ வடக்குப் பார்த்து பெரிய கண்ணாடிப் பரப்பு இருக்கும். வடக்கே நேர்வெயில் விழாது என்பது ஐரோப்பாவிலிருந்து வந்த கணக்கு. நம் நிலத்தில் அது முழுதாகச் செல்லாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். வடக்குக் கண்ணாடி வழியாகவே வெயில் இறங்கும். ஆகவே திரைத்துணிகளை இழுத்தும் சுருக்கியும் ஒளியை ஆளத் தெரிந்தவரால்தான் இங்கே நல்ல படம் எடுக்க முடியும். முகத்தின் ஒளிப்பக்கத்திலிருந்து நிழற்பக்கத்துக்கு மாற்றம் படிப்படியாக, கோடு தெரியாமல் கரைந்தால், கண்ணாடிக்குக் கீழே மெல்லிய துணி ஒன்று தொங்கியது என்று கருதலாம். நிழற்பக்கம் கருகிப்போகாமல் கன்னத்து எலும்பு அங்கேயும் தெரிந்தால், அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் திரையையோ பலகையையோ நிறுத்தி ஒளியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இன்னொரு சோதனை வேட்டி. கருத்த முகம், வெளுத்த வேட்டி, இரண்டும் ஒரே படத்தில். முகம் தெரிய வேண்டுமென்று அதிக ஒளி விட்டால் வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். வேட்டியைக் காப்பாற்றினால் முகம் இருளில் மூழ்கும். முகத்தில் சதையும் வேட்டியில் மடிப்பும் ஒருசேரத் தெரிகிற படம் உங்கள் வீட்டில் இருந்தால், அதை எடுத்தவர் தேர்ந்த கலைஞர். சந்தேகமே வேண்டாம்.

5. நிறங்கள் எப்படி மாறின?

பழைய படத்தில் எல்லாப் பெண்களும் கறுப்புப் பொட்டு வைத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வைத்தது குங்குமம்தான். அந்தக் காலத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. தொடக்கத் தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. 1873இல் ஹெர்மன் வோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சாயம் சேர்த்துப் பச்சைக்கும் உணர்வூட்டும் வழியைக் கண்டார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்தன. ஆனாலும் ஸ்டுடியோக்கள் பழைய வகையை வெகுகாலம் விடவில்லை. சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே டெவலப் செய்யும் வசதி அதில் இருந்தது.

இதன் விளைவுகளைப் படத்தில் தேடுங்கள். அரக்குப் புடவை கறுப்பாகும். வானநீலம் வெள்ளையாக வெளிறும். மஞ்சளும் கனகாம்பரமும் எதிர்பார்த்ததைவிட இருளும். திருநீறு பளிச்சென்று நிற்கும். நாமத்தில் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் சிவப்புக் கோடு கறுப்பாகிவிடும். நம் தோலின் பழுப்பில் சிவப்பு மிகுதி என்பதால் முகங்களும் நேரில் இருந்ததைவிடக் கருத்தே பதிந்தன. ‘பாட்டி படத்தில் இவ்வளவு கறுப்பா’ என்று கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆகவே இரண்டு பெண்கள் அருகருகே நிற்கும் படத்தில், ஒருவர் புடவை மிக வெளிறியும் மற்றவர் புடவை மிக இருண்டும் இருந்தால், உண்மை நிறங்கள் என்னவாக இருந்திருக்கும் என்று ஊகித்துப் பாருங்கள். அனுபவமுள்ள கலைஞர் சிவப்பு எப்படி விழும், நீலம் எப்படி விழும் என்று முன்பே அறிந்து, இருண்டு விழப்போகும் புடவைக்குப் பின்னால் வெளிறிய திரையை வைப்பார். உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். அது அவர் கணக்கு.

6. நிற்பவர், அமர்ந்தவர், கைகள்

யார் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யார் தரையில் இருக்கிறார் என்ற வரிசையைக் குடும்பம் முடிவு செய்திருக்கும். அந்த வரிசைக்குள் அழகைக் கொண்டுவருவது படம் எடுப்பவர் பொறுப்பு.

தலைகளின் மீது விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பிறகு பாதங்களைப் பாருங்கள். பல குழுப் படங்களில் ஓரத்தில் இருப்பவர்கள் சற்றே முன்னே வந்து, மொத்தக் கூட்டமும் வில்போல வளைந்திருக்கும். இது வெறும் அழகுக்காக அல்ல. 1840இல் யோசப் பெட்ஸ்வால் என்ற கணிதவியலாளர் வடிவமைத்த உருவப்பட லென்ஸில் கூர்மையான பரப்பு வளைந்து விழும். எல்லா முகமும் தெளிவாக வர, ஆட்களையே வளைத்து நிறுத்த வேண்டும். அந்த லென்ஸ்களில் நடுவே கூர்மையும் ஓரத்தில் மென்மையும் இருக்கும். நடுவில் யாரை வைத்திருக்கிறார் என்று பாருங்கள்; குடும்பத்தின் மதிப்பும் லென்ஸின் கூர்மையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்.

முகங்கள் இறுகியிருப்பதற்கு ஒளிபடும் நேரம் நீண்டது ஒரு காரணம். சில நொடிகள் மூச்சை அடக்கி அசையாமல் இருக்க வேண்டும். நிற்பவரின் கால்களுக்குப் பின்னால் இரும்புப் பாதம் ஒன்று எட்டிப் பார்த்தால், அது தலையைத் தாங்கிப் பிடித்த தாங்கி. குழந்தையின் கை மட்டும் கலங்கியிருந்தால் அந்த நொடிகளில் குழந்தை அசைந்தது என்று பொருள். எனக்கு இந்தக் கலங்கல்கள் மிகவும் பிடிக்கும். விறைத்து நிற்கும் கூட்டத்தில் காலம் ஓடியது என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

எல்லாவற்றையும்விட, கைகளைப் பாருங்கள். முகத்தை அடக்கிவிடலாம், கையை அடக்குவது கடினம். முழங்கால்மேல் விரித்து வைத்த கை, நாற்காலியின் பிடியை இறுகப் பற்றிய கை, முந்தானைக்குள் மறைந்த கை, குழந்தையின் தோளில் பட்டும் படாமலும் இருக்கும் கை. எது அவர் வைக்கச் சொன்னது, எது தானாக அமைந்தது என்று பிரித்துப் பாருங்கள். இருவர் கைகள் அச்சுப்போல ஒரே மாதிரி இருந்தால் சொல்லி வைத்தது. ஒருவர் கை மட்டும் வேறுபட்டால் அங்கே ஒரு மனிதர் தெரிகிறார்.

7. திரையும் சாமான்களும்

பளிங்குத் தூண், படிக்கட்டு, ஐரோப்பியத் தோட்டம் எல்லாம் சாயம் தீட்டிய திரை. திரை தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். கம்பளத்தாலோ பூந்தொட்டியாலோ அந்தக் கோட்டை எவ்வளவு நேர்த்தியாக மறைத்திருக்கிறார் என்பது தெரியும். திரையில் தீட்டிய ஒளி இடமிருந்தும், ஆட்கள்மேல் விழும் ஒளி வலமிருந்தும் வந்தால் கவனக்குறைவு. மேசை, கடிகாரம், புத்தகம், பூச்சாடி பெரும்பாலும் ஸ்டுடியோவுக்கே சொந்தம். அதைக் கொண்டு குடும்பத்தின் செல்வத்தை அளந்துவிட வேண்டாம்.

8. டச்சிங் செய்த கையைக் கண்டுபிடியுங்கள்

எடுத்த படத்தின் குறைகளைக் கையால் திருத்துவதுதான் டச்சிங். மிகக் குறைவாகப் பேசப்படும் கலை இது. சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர்தான் 1856இல் மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டியையும் தொடங்கினார். இந்த ஊரில் தூரிகையும் கேமராவும் ஆரம்பம் முதலே அண்டை வீட்டார்.

டச்சிங் செய்பவர், சாய்வான மேசையில் நெகட்டிவை வைத்து, அடியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி மூலம் ஒளியைத் திருப்பி, ஊசிபோல நீளமாகச் சீவிய பென்சிலால் வேலை செய்வார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரதியில் வெளுக்கும். அம்மைத் தழும்பும் கண்ணுக்கடிக் குழியும் அப்படித்தான் மறைந்தன. பூதக்கண்ணாடியில் கன்னத்தையும் நெற்றியையும் பாருங்கள்: காற்புள்ளிபோல மிக நுண்ணிய கோடுகள் ஒரே திசையில் படிந்திருக்கும். திறமையானவர் தசையின் வளைவைப் பின்பற்றியே கோடு போடுவார். முகம் மென்மையாகும், எலும்பு மறையாது. கைதேராதவர் எல்லாவற்றையும் சமமாக வெளுத்துவிடுவார். முகம் சோப்புக் கட்டியாகிவிடும். கருமை வேண்டிய இடத்தில், புருவத்திலோ மீசையிலோ, கூரிய கத்தியால் நெகட்டிவைச் சுரண்டுவார்கள். அது பிரதியில் கறுப்புக் கோடாக வரும்.

முகத்தை வெளுக்கச் சொல்லிக் கேட்டவர்கள் பலர். தகடு தோலை இருளாக்கியதைச் சரிசெய்த பென்சிலும், நிறத்தின் மீதான நம் சமூகத்தின் தாழ்வெண்ணத்துக்கு வேலை செய்த பென்சிலும் ஒன்றே. கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் மட்டும் வேறு நிறம் என்றால் எது நடந்தது என்று தெரிந்துவிடும். வேலையின் நேர்த்தியை மெச்சும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும்.

வண்ணம் தீட்டிய படமாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். மெல்லிய நீர்ச்சாயம் தாளில் ஊறி மேற்பரப்பு சமமாக இருக்கும். கெட்டிச் சாயம் மேடு காட்டும். நகைகளின் புள்ளிகள் தொட்டால் தட்டுப்படும் அளவுக்கு எழும்பி நிற்பதும் உண்டு. தொடாதீர்கள், கண்ணால் பாருங்கள்.

கூடத்தில் மாலையோடு தொங்கும் பெரிய தனிப்படங்கள் பல, ஏதோ ஒரு கல்யாணக் குழுப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கியவை. முகத்தில் புகைப்படத்தின் நுண்துகள்கள் தெரியும். கோட்டும் சட்டையும் கரித்தூளாலும் தூரிகையாலும் வரைந்தது என்பதால் அங்கே துகள் இருக்காது. எல்லை பெரும்பாலும் கழுத்தில் ஓடும். வாழ்நாளில் கோட்டே போடாத ஒருவருக்கு ஓவியர் தைத்துக் கொடுத்த கோட்டு அது.

9. கண்ணாடி முன் பூச்சடை: ஒரு படத்தை முழுதாகப் படித்தல்

மேலே சொன்னவை எல்லாம் ஒன்றுகூடும் படம் ஒன்று தமிழ் வீடுகளில் உண்டு. வளைகாப்புக்கோ சீமந்தத்துக்கோ தாழம்பூ மடலும் மல்லிகையும் வைத்துத் தைத்த சடையோடு ஒரு பெண் நிற்பார். பின்னால் உயரமான கண்ணாடியில் சடை முழுவதும் தெரியும். ஒரே படத்தில் முகமும் வேண்டும், முதுகும் வேண்டும் என்ற குடும்பத்தின் ஆசையிலிருந்து பிறந்த வடிவம் இது. நம் ஸ்டுடியோக்களின் மிகச் சிறந்த உருவாக்கம் என்று இதைத்தான் சொல்வேன்.

எவ்வளவு கடினம் என்று பாருங்கள். கண்ணாடிக்குள் தெரியும் சடை, லென்ஸின் கணக்கில் கண்ணாடியின் தொலைவில் இல்லை. கண்ணாடிக்கும் அப்பால் இருக்கிறது. முகத்தையும் அதையும் ஒன்றாகக் கூர்மையாக்க லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும்; சுருக்கினால் ஒளி குறையும், நேரம் நீளும், கர்ப்பிணிப் பெண் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க வேண்டும். கண்ணாடியைச் சற்றுத் திருப்பி வைக்காவிட்டால் கேமராவே உள்ளே தெரிந்துவிடும். சடையில் ஒளி விழாவிட்டால் பூவெல்லாம் வீண். மல்லிகை வெள்ளையாகவும் கனகாம்பரம் இருளாகவும் விழுவதால் பூவேலையின் கோலம் கறுப்பு வெள்ளையில் இன்னும் துலக்கமாகும்.

இப்படி ஒரு படம் கிடைத்தால், கண்ணாடியின் ஓரங்களைத் துழாவுங்கள். சில நேரம் திரைக்கு எதிர்ப்புறம், யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்த ஸ்டுடியோவின் மறுபாதி அங்கே சிக்கியிருக்கும்: ஜன்னல், விளக்குத் தாங்கி, காத்திருக்கும் உறவினரின் தோள்.

10. பின்பக்கமும் பெரியவர்களும்

அட்டையின் அடியில் அழுத்திப் பதித்த ஸ்டுடியோ பெயர், பின்னால் ரப்பர் முத்திரை, அஞ்சலட்டைக் கோடுகள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் ‘இது யார்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ஸ்டுடியோவுக்கு எப்படிப் போனீர்கள், நகை யாருடையது, எங்கே உட்கார வேண்டும் என்று யார் சொன்னார்கள், படம் வந்ததும் பாட்டி என்ன சொன்னார் என்று கேளுங்கள். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் பல வீடுகளில் இருந்தது. அதையும் மீறி ஏன் போனார்கள் என்ற பதில் உங்களுக்குக் கிடைக்கலாம். பதில்களைத் தனித்தாளில் எழுதி, படத்தோடு வையுங்கள். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் மேடாக எழும்.

11. ஒப்பிடுங்கள், பிரதி எடுங்கள்

ஒரே படத்தை மட்டும் பார்த்துக் கண் பழகாது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களையும் நெகட்டிவ்களையும் மின்னுருவாக்கியிருக்கிறது. அந்தத் தொகுப்பை இணையத்தில் பார்த்துவிட்டு உங்கள் படத்துக்குத் திரும்புங்கள். எது எல்லோரும் கையாண்ட வழக்கம், எது இவருடைய சொந்தக் கைவண்ணம் என்பது விளங்கத் தொடங்கும்.

பிரதி எடுக்கும்போது கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண முறையிலேயே, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்து, டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். பழுப்புச் சாயலும் வெள்ளிப் பளபளப்பும் அப்போதுதான் பதிவாகும். ஓரம், அட்டை, பின்பக்கம் எதையும் வெட்டிவிட வேண்டாம். கைப்பேசியில் தானாக முகத்தைத் தெளிவாக்கி வண்ணமேற்றும் செயலிகளுக்கு மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள். அவை முதலில் அழிப்பது டச்சிங் செய்தவரின் பென்சில் கோடுகளைத்தான், பிறகு யாருடையதோ போன்ற ஒரு கண்ணை உங்கள் பாட்டிக்கு வைத்துவிடும். ஆசைப்பட்டால் நகலில் செய்து பாருங்கள், அதன் பெயரிலேயே ‘திருத்தியது’ என்று குறித்துவிடுங்கள். மூலப் படத்தை லேமினேட் செய்யவே கூடாது. சூட்டையும் பசையையும் திரும்ப எடுக்க வழியில்லை. மறுபடி மாட்டும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமில்லாத அட்டையால் ஒரு சிறிய இடைவெளி விட்டு, வெயிலும் ஈரச்சுவரும் படாத இடத்தில், கண் மட்டத்தில் மாட்டுங்கள்.